எறும்பு வந்து பத்தொன்பது நாள்

லோடு வண்டி அறுபத்தொன்று புள்ளி நாலு, காலி வண்டி ஐம்பத்தெட்டு, இறக்க வேண்டியது மூன்று கிலோ நானூறு என்று செங்கோடன் மனசுக்குள் சீட்டு எழுதிக்கொண்டார். இருபத்தாறு வருஷம் சங்ககிரி எடை மேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்ட மனுஷனுக்கு, சிறுநீரகம் இரண்டும் போன பிறகு தன்னையே வாரம் மூன்று நாள் எடை போட்டுக்கொள்ளும்படி ஆகிப்போனது. உடம்பில் சேர்ந்த தண்ணீர் எல்லாம் வடிந்த பின் நிற்கிற எடைக்கு ஆஸ்பத்திரியில் ட்ரை வெயிட் என்று பேர். அவர் அதைக் காலி வண்டி என்றுதான் சொல்வார். டயாலிசிஸ் டெக்னீசியன் ஜெசிந்தாவுக்கும் அது பழகிவிட்டது, நோட்டில் எழுதும்போது, "காலி வண்டி அதேதானேங்கய்யா?" என்று கேட்டுச் சிரிப்பாள். இன்றைக்கும் கேட்டாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இடது முன்கையில் ஊசி இரண்டும் ஏறியாயிற்று, ஒன்றில் ரத்தம் போகிறது, இன்னொன்றில் வருகிறது, மணி ஏழு இருபது. பதினொன்று இருபது வரைக்கும் கையை அசைக்கக் கூடாது. மனசை அசைக்கலாம், அதற்கு யாரும் தடை போடவில்லை, அதுதான் கஷ்டம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வராண்டா பெஞ்சில் அவர் மனைவி பாவாயி மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அவளுக்கு இதே ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அவளுடைய சிறுநீரகம் ஒன்று அடுத்த மாதம் அவருக்கு. ரத்த வகை பொருந்தியாயிற்று, மற்றப் பொருத்தங்களும் பார்த்தாயிற்று, இருவரும் புருஷன் பெண்டாட்டிதான் என்று நிரூபிக்கக் கல்யாணப் போட்டோவைக்கூடக் கொடுத்தாயிற்று. போட்டோவில் இருந்த அடர்ந்த மீசைக்காரனையும் எதிரே நின்ற செங்கோடனையும் மாற்றி மாற்றிப் பார்த்த ஆபீஸரிடம் பாவாயி, "அவரேதானுங்க, மீச மட்டும் நாந்தான் எடுக்கச் சொன்னனுங்க" என்று சொல்லி அந்த அறையையே சிரிக்க வைத்தாள். மிச்சம் இருப்பது நாளை ஒரு நாள்தான். சர்க்கரை நோய் இருக்கிறவர்களிடம் சிறுநீரகம் எடுக்க மாட்டார்கள். பாவாயிக்குச் சர்க்கரை இருக்கிறது. இது டாக்டருக்குத் தெரியாது, செங்கோடனுக்குத் தெரியும், தெரிந்து பத்தொன்பது நாள் ஆகிறது, அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டினதைப் பிரித்தெடுத்தார், மறுபடி ஒட்டியது. தாகம் என்பது தொண்டையில் இருக்கிற விஷயம் என்று அறுபது வயசு வரைக்கும் நினைத்திருந்தார், அது தொண்டையில் இல்லை, நினைப்பில் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர். மாத்திரை முழுங்குவதும் அதில்தான், காப்பியும் அதில்தான், ரசம் என்று ஒரு கரண்டி ஊற்றினால் அதுவும் அதில்தான். காலையில் பாவாயி ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவாள், அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாளை ஓட்ட வேண்டும். வீதியில் யாராவது வாசல் தெளித்தால் அந்தச் சத்தம் நெஞ்சில் விழும். இந்த எட்டு மாதத்தில் பாவாயி ஒரு நாள்கூட அவர் கண் முன்னால் தண்ணீர் குடித்ததில்லை. யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கம் இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. சாப்பாட்டுக்கு நடுவில் விக்கல் வந்தாலும் எழுந்து போவாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சொம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பாள், அண்ணாந்து குடித்தால் சத்தம் கேட்காது என்று அவள் எண்ணம். கேட்கும். தாகத்தில் கிடக்கிறவனுக்குப் பக்கத்து வீட்டுத் தொண்டையில் இறங்குகிறதுகூடக் கேட்கும். மடக்கு மடக்காக எண்ணியிருக்கிறார் செங்கோடன், வெட்கக்கேடுதான், ஆனால் எண்ணியிருக்கிறார். முதலில் ஆறு மடக்கு, ஏழு மடக்கு. இரண்டு மாதமாக ஒரு சொம்பு முழுசும், அரைமணி கழித்து இன்னொரு சொம்பு. குடுத்து வெச்சவ, குடிக்கறா, குடிக்கட்டும் என்று பொறாமைப்பட்டார். கட்டின பெண்டாட்டி தண்ணீர் குடிப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட புருஷன் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். பதினெட்டு வருஷத்துச் சர்க்கரைக்காரர், இதே போலச் சொம்பு சொம்பாகக் குடித்து ஆரம்பித்தவர், கால் விரல் இரண்டை இதற்கே கொடுத்தவர், அவருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் அப்போது விளங்கவில்லை. விளங்க எறும்பு வர வேண்டியிருந்தது.

எறும்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பல் விளக்கப் பாத்ரூமுக்குள் போனவர் மூலையில் தண்ணீர் போகிற ஓட்டைப் பக்கம் தரையில் ஏதோ கறுப்பாகக் கோடு இழுத்திருக்கிறதே என்று குனிந்தார். லேசர் வைத்த கண், கிட்டப் போனால்தான் தெரியும். கோடு நகர்ந்தது. சுவர் வெடிப்பிலிருந்து ஓட்டை வரைக்கும் ஒரு வரிசை, ஓட்டையைச் சுற்றி ஒரு கூட்டம். அதைப் பார்த்ததும் அவருக்கு வந்தது என்ன என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. சந்தோஷம். உச்சந்தலை வரைக்கும் ஏறின சந்தோஷம். எட்டு மாதமாக அவருக்கு ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இனி இறங்காது என்றுதான் சொன்னார்கள், ஆனால் அவர்கள் என்ன ஆண்டவனா? நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து போயிருக்கிறேன், எனக்கே நினைவில்லை, எறும்புக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார். பிரஷ்ஷை ஓரமாக வைத்துவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். குழாயைத் திறந்துவிட்டால் வரும் என்பார்கள், திறந்துவிட்டார். தண்ணீர் வாளியில் விழுந்தது, வாளி நிறைந்தது, வழிந்தது. கண்ணை மூடி, மூச்சை அடக்கி, சின்ன வயசில் ஸ்கூல் சுவர்மேல் யாருடையது உயரம் போகும் என்று பந்தயம் கட்டியதையெல்லாம் நினைத்துப் பார்த்து, நின்றார். அறுபத்தொரு வயசு மனுஷன், சுவரைப் பிடித்துக்கொண்டு, "வா, வா" என்று கெஞ்சிக்கொண்டு நின்றார். "ஏனுங்க, உள்ள என்ன பண்றீங்க, மயக்கமா?" என்று பாவாயி கதவைத் தட்டினாள். "ஒண்ணுமில்ல போ" என்றார். கால் மரத்துப்போகும் வரை நின்றும் ஒரு சொட்டு வரவில்லை. வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்து கால் மணி நேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. அந்த வீட்டில் பிள்ளை இல்லை, குட்டி இல்லை, வாடகைக்கு ஆள் இல்லை. அந்தப் பாத்ரூமுக்குள் போகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தர் ஒண்ணுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது.

மெஷின் ஒரு தடவை கீச்சென்று கத்தியது. ஜெசிந்தா வந்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, "கைய மடக்காதீங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மடக்கியிருக்கிறார், தெரியவில்லை. எட்டேகால்தான் ஆகிறது. பதினெட்டு வருஷத்துக்கு முன்பும் இதே எறும்பு. அப்போது பாத்ரூம் கிடையாது, வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடி. டூட்டிக்குப் போக முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றவரைப் பாவாயி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "பாருங்க. நீங்க ஒண்ணுக்குப் போன எடத்துல மட்டும் மொய்க்குது. உங்களுக்குச் சக்கர வந்திருக்குது. வாங்க டாக்டருகிட்ட." அவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார், லோடு நிற்குது என்றார், எறும்புக்கு என்னடி தெரியும் என்று கிண்டல்கூடப் பண்ணினார். "எறும்புக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா? ஏறுங்க பஸ்ஸுல" என்று அப்போதே, அந்தக் காலை நேரத்திலேயே, அடுப்பில் வைத்த சோற்றை இறக்கி வைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். சோறு கொதிக்கிற நேரம்கூட அவள் பொறுக்கவில்லை. அவர் பத்தொன்பது நாள் பொறுத்திருக்கிறார். டேய் செங்கோடா, எடை மேடையில் எவ்வளவு யோக்கியன்டா நீ. காலி வண்டியை எடை போடும்போது ஒரு டயரை மேடைக்கு வெளியே நிறுத்தி எடையைக் குறைத்துக் காட்டப் பார்க்காத டிரைவர் உண்டா? நீ நாற்காலியை விட்டு எழுந்தாலே போதும், அவனாக வண்டியை அரை அடி முன்னால் எடுத்து நிறுத்துவான். டயரைக் குனிந்து பார்க்காமல் ஒரு சீட்டு கிழித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயே. இப்போது உன் வீட்டு டயர் வெளியே நிற்கிறது, நீ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாய்.

முதல் நாள் அவர் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. நிச்சயமாகத் தெரியவில்லை, சோப்பு வாசனைக்கும் எறும்பு வரும், காப்பி டம்ளர் கழுவிக் கொட்டியிருப்பாள். இரண்டாம் நாளும் அதே காரணம். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து போய், சத்தம் வராமல் இரண்டு மக் தண்ணீரை ஊற்றி எறும்பை ஓட்டையில் தள்ளிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அந்தக் காரியத்துக்குக் காரணம் சொல்ல அவரால் முடியவில்லை. அவளிடமிருந்து மறைத்தாரா, தன்னிடமிருந்து மறைத்தாரா? ஆறாம் நாள் போனபோது ஓட்டையைச் சுற்றி மஞ்சள்தூள் கொட்டியிருந்தது. அவர் கொட்டவில்லை. அப்படியானால் அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவர் பார்த்துவிடக் கூடாது என்று மஞ்சள்தூளைக் கொட்டியிருக்கிறாள். அன்றைக்கு முழுக்க இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், கத்தரிக்காய் வேகவில்லை என்றும் கரண்ட் போய்விட்டது என்றும். இதில் இன்னொன்று அவருக்குப் பிற்பாடுதான் புரிந்தது. எறும்பு வரும் அளவுக்கு அந்த மூலை ஏன் நனையாமல் கிடந்தது? ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறவள் வாளித் தண்ணீரை ஊற்றாமல் கையால் அள்ளித் தெளித்துவிட்டு வந்திருக்கிறாள். ஊற்றினால் சத்தம் கேட்கும். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் இந்த மனுஷன் முழித்துக்கொள்வார், முழித்தால் தாகம் எடுக்கும். அவருக்காகச் சத்தம் போடாமல் வந்ததால்தான் எறும்பே வந்தது. இதை நினைத்தும் செங்கோடனுக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, அதற்கும் உடம்பு அரை லிட்டரில்தான் பங்கு கேட்க வேண்டும் போலிருக்கிறது.

"நாளைக்கு அம்மாவுக்கு டெஸ்ட்டாமே" என்றார் பக்கத்துக் கட்டில் வகாப் பாய். செவ்வாய்ப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், இங்கே நாலு வருஷமாக வருகிறார், வந்ததும் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அதைப் பத்து நிமிஷம் கரைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "ஆமாங்க பாய்." "அல்லா நல்லபடியா முடிச்சுக் குடுப்பான். நீங்க அதிர்ஷ்டக்காரரு. எனக்கு எங்க மூத்த மருமக குடுக்கறன்னு வந்துச்சு. தங்கமான புள்ள. சுகர் பார்டர்ல இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." "பார்டருக்கேவா?" "பார்டருக்கேதான். அந்தப் புள்ள அழுதுச்சு. டாக்டரம்மா சொன்னாங்க, உனக்கு இருக்கற ரெண்டும் உனக்கே பத்துமோ பத்தாதோ, அதுல ஒண்ணக் குடுத்துட்டு நாளைக்கு நீ எந்தக் கட்டில்ல படுப்பேன்னு கேட்டாங்க." பாய் ஐஸை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "மூணு மாசத்துச் சுகர் சராசரி பாக்கறாங்கல்ல, அதுல எதையும் மறைக்க முடியாது." செங்கோடன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி பற்றி அவருக்கா தெரியாது? எத்தனை தடவை அதில் மாட்டி டாக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். பாவாயிக்குத்தான் அது தெரியாது. நாலு நாள் வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், டெஸ்ட்டில் பாஸாகிவிடலாம் என்று நினைக்கிறாள். ஆனால் செங்கோடன் நினைத்துக்கொண்டிருந்தது அதைவிடக் கேவலம். நாளைக்குக் கூட்டம் அதிகம் இருக்கும், அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் எழுத மறந்துவிட்டால்? மிஷின் ரிப்பேர் என்று விட்டுவிட்டால்? முந்தாநாள் கோவிலில் கண்ணை மூடி நின்றபோது அவர் வேண்டிக்கொண்டது இதைத்தான். அவளுக்கு வியாதி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டவில்லை. அந்த வியாதி அகப்படாமல் இருக்க வேண்டும் என்று வேண்டினார். சாமி காதில் விழுந்திருந்தால் காறித் துப்பியிருக்கும்.

ஒன்பதரை. வலது கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. தண்ணீரை வேகமாக இறக்கும்போது பிடிக்கும், யாரோ உள்ளேயிருந்து நரம்பை முறுக்குகிற மாதிரி. ஜெசிந்தா வந்து பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி அழுத்தினாள், விரல் இல்லாத இடத்தில் அவள் கை பட்டது அவருக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். "சத்தம் போடுங்கய்யா, பரவாயில்ல" என்றாள். அவர் போடவில்லை, வெளியே கேட்கும். வலி ஏறி உச்சியில் நின்றபோது ஒரு கணம் அந்தக் கட்டிலில் படுத்திருந்தது அவர் இல்லை, பாவாயி. நீலப் புடவையை முழங்கால் வரை ஏற்றி ஜெசிந்தா அவள் பாதத்தை அழுத்துகிறாள். அவளுடைய முன்கையில், கல்யாணத்தன்று அவர் பிடித்த அந்தக் கையில், இரண்டு ஊசி. வராண்டா பெஞ்சில் யாருமே இல்லை. தண்ணீரை அளந்து ஊற்றி வைக்க ஆள் இல்லை, கதவுக்குப் பின்னால் போய்க் குடிக்க ஆள் இல்லை. அவருக்கு அவள் கொடுத்தது அஞ்சு வருஷமோ ஆறு வருஷமோ ஓடி முடிந்திருக்கும், அவளுக்கு இருந்த ஒன்றையும் சர்க்கரை தின்று முடித்திருக்கும். அவள் தனியாக அதிகாலை பஸ் பிடித்து, தனியாக எடை பார்த்து, தனியாகப் படுத்திருக்கிறாள். "வேண்டாம்" என்றார் செங்கோடன் வாய்விட்டு. "என்னங்கய்யா?" "இல்லம்மா. வலிக்குது." வலி இறங்கியது. அந்தப் படம் இறங்கவில்லை. இருந்தும் உள்ளே ஒரு குரல் விடாமல் பேசிக்கொண்டே இருந்தது, அந்தக் குரலுக்கு வெட்கமே கிடையாது. ஒரு டம்ளர் மோர், முழு டம்ளர், மேலே உப்பு, கறிவேப்பிலை, இன்னும் வேண்டுமா என்று கேட்டு ஊற்றுவாள், ஆமா ஊத்து என்று சொல்வாய், காலையில் எழுந்து கொல்லைப்பக்கம் மனுஷனைப் போல நின்றுவிட்டு வருவாய், வாரத்தில் ஏழு நாளும் உன்னுடையது, சும்மா இரு, இன்னும் ஒரே ஒரு நாள் வாயைத் திறக்காமல் இரு.

பத்தேகாலுக்கு மூன்று மேரி பிஸ்கட்டும் சின்னக் கப்பில் டீயும் வந்தது. விரலில் குத்திப் பார்த்து, "நூத்திப் பதினெட்டு, சாப்புடுங்கய்யா, கொறஞ்சுறப் போகுது" என்றாள் ஜெசிந்தா. குறைவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் டூட்டிக்குப் போன நாட்களில் எத்தனை தடவை எடை மேடை அறையில் வேர்த்து, கை நடுங்கி, லாரி நம்பர் இரண்டு இரண்டாகத் தெரிய உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை. அதைத்தான் அவர் காலையிலிருந்து நினைக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். போன வியாழக்கிழமை பிளாஸ்திரி தேடி அலமாரி மேல்தட்டில் இருந்த மருந்து டப்பாவை இறக்கினார். சிறுநீரகம் போனதும் டாக்டர் நிறுத்தச் சொன்ன அவருடைய பழைய சர்க்கரை மாத்திரை அதில் மூன்று அட்டை இருந்தது. நிறுத்தின நாளில் மூன்றும் முழு அட்டை. இப்போது இரண்டு அட்டை வெறும் தகரத்தாளாக, ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. நல்ல மாத்திரைதான், ஆனால் சாப்பிடாமல் போட்டுக்கொண்டால் ஆளையே சாய்த்துவிடும். பாவாயி சாப்பிடுகிறாளா? நேற்று ராத்திரி, "பசியில்லீங்க" என்றாள். இன்றைக்குக் காலையில், "வந்து பாத்துக்கலாமுங்க" என்றாள். பஸ்ஸில் அவருடைய தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள், அவள் வேர்வையில் தோள் ஈரமாகிவிட்டது, ஜன்னல் வழியாகச் சில்லென்று காற்று வந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. செங்கோடன் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையைத் திருப்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். பாவாயி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்தாள், மறுபடி துடைத்தாள். மடியிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது, அவள் அதை எடுக்கக் குனிந்தாள், கை பையைத் தாண்டித் தரையைத் தடவியது. குனிந்தவள் நிமிராமல் அப்படியே இருந்தாள்.

"ஜெசிந்தாம்மா!" அவர் போட்ட சத்தத்தில் வகாப் பாய் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்ற பொண்டாட்டிய உள்ள கூட்டியாம்மா. அந்த வெரல் குத்தற மிஷின எடுத்துக்க. ஓடு."

தாங்கிப் பிடித்துத்தான் கூட்டி வந்தார்கள். ஸ்டூலில் உட்கார வைத்ததும் பாவாயி முதலில் செய்தது, இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டது. "ஒண்ணுமில்லீங்க, வெய்யக் காத்து" என்றாள் நாக்குக் குழற. வராண்டாவில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. ஜெசிந்தா கையை வெளியே இழுத்துக் குத்தினாள். மிஷின் ஐந்து வினாடி யோசித்தது.

"நாப்பத்தொம்பது" என்றாள் ஜெசிந்தா. "அம்மா, நீங்க சுகர் மாத்திரை போடறீங்களா? உங்களுக்கு எப்பருந்து சுகர்?"

பாவாயி தலையை ஆட்டினாள். இல்லை என்கிற ஆட்டல். அப்புறம் செங்கோடனைப் பார்த்து, குரலை இறக்கி, அவருக்கு மட்டும் சொல்கிற மாதிரி, "நானே சொல்லோணும்னு இருந்தனுங்க. பாத்ரூம்ல எறும்பு வருதுங்க. உங்களுக்குத் திரும்ப எறங்க ஆரம்பிச்சிருக்குதுங்க. நல்ல சகுனம். நாளைக்கு டெஸ்ட் முடிஞ்சதும் சொல்லலாமுன்னு..." என்றாள். உதடு வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் அவளுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தது, அதுவும் அவருக்குப் பிடித்த பொய்யாகப் பார்த்துச் சொல்லத் தெரிந்திருந்தது.

செங்கோடன் ஜெசிந்தாவைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு பத்தொம்பது நாளா இருக்குதும்மா. பெரிய டாக்டருகிட்டச் சொல்லீரு. நாளைக்கு டெஸ்ட் வேண்டாம்."

ஜெசிந்தா குளுக்கோஸ் கலக்க ஓடினாள். பாவாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது என்ற எண் அவளுக்குள் போய்ச் சேர்வது முகத்தில் தெரிந்தது. திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. ஊசி ஏறாத அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சில்லென்றிருந்தது.

"பத்தொம்பது நாள் பொறுத்தீங்களே," என்றாள், "இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதுங்களா?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் கேட்டு வாங்கியே பழகினவர், இதை மட்டும் வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. "உன்னைய விட்டா எனக்கு ஆரு இருக்கறா?" என்று சொல்லப் பார்த்தார், பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. வகாப் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜெசிந்தா பெரிய டம்ளர் நிறையக் குளுக்கோஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். "முழுசும் குடிக்கணும்மா, இப்பவே." பாவாயி டம்ளரை வாங்கினாள், வாங்கினதும் எழப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, முந்தானையை இழுத்து டம்ளரை மறைத்தாள். மறைத்த பிறகும் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாவாயி," என்றார் செங்கோடன். "இங்க திரும்பிக் குடி."

"வேண்டாமுங்க. உங்களுக்குத் தவிக்கும்."

"தவிக்கல. நான் பாக்கோணும். திரும்பு."

அவள் திரும்பினாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதை அவர் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது, ஓரத்தில் வழிந்து கழுத்தில் ஓடியது. பழக்கத்தில் மடக்கு மடக்காக எண்ண ஆரம்பித்து, நாலுக்குப் பிறகு எண்ண மறந்துபோனார். அவள் டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தாள்.

"இன்னொண்ணு குடும்மா அவளுக்கு" என்றார் ஜெசிந்தாவிடம்.